வாசலில் ஒரு டிக்கெட் பரிசோதகர்

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: டிக்கெட் இல்லாமல் ஏறிய எவரும் தன்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் நிம்மதியாகக் காலை நீட்டலாம் என்று இருந்தபோது, என் மனைவி மரகதத்துக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, மன்னார்புரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்தார்கள். "மருந்து ஏத்தின பிறகு ரத்தத்துல வெள்ளை அணுக்கள் குறைஞ்சிடும். சாதாரண சளிகூட இவங்களுக்குப் பெரிசாயிடலாம். காய்ச்சல் வந்தா நீங்களா மாத்திரை போட்டு அடக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் வந்தால் அடுத்த மருந்தும் தள்ளிப்போகுமாம். அன்றைக்கே வாசல் கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒருவரை உள்ளே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சொந்தக்காரர்களிடம் நாம் வாங்கிய கெட்ட பெயரை.

பெருமாள் தீர்த்தம்

முதலில் வந்தவர் எதிர் ஃபிளாட் மாமி. கையில் சின்ன வெள்ளிச் செம்பு, அதில் கோயில் தீர்த்தம், மேலே துளசி. "பெருமாள் தீர்த்தத்துல போய் என்ன கிருமி இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான சந்தேகமாகத்தான் எனக்கும் பட்டது. அவர் எதிரிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கொதிக்க வைக்காத தண்ணீரும் பச்சை இலையும் எங்கிருந்து வந்தாலும் வேண்டாம் என்றார்.

இதை எப்படிச் சொல்வது என்று நான் விழிப்பதற்குள் மாமியே துளசியை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செம்பை என்னிடம் நீட்டினார். "நன்னா கொதிக்க வச்சே குடுங்கோ. எங்க பெருமாளே தெனம் கஷாயம் சாப்பிடறவர், கோச்சுக்கவா போறார்?"

தோல் தடித்த பழம்

என் மைத்துனன் கணேசனுக்கு காந்தி மார்க்கெட்டில் பழ மண்டி. அக்காவுக்கு என்று ஒரு கூடை திராட்சை கொண்டுவந்தான். ஒவ்வொன்றையும் எத்தனை கை தொட்டிருக்கும், எப்படிக் கழுவுவது? தோல் தடிப்பாக இருந்தால், கழுவி, உரித்துக் கொடுக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

மறுநாள் ஆட்டோவிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தை இரண்டு பேர் இறக்கினார்கள். பின்னாலேயே கணேசன். "இதைவிடத் தடிச்ச தோலு மார்க்கெட்லயே கிடையாது மச்சான். இப்பவாவது உள்ள விடுவீங்களா?"

யாருக்கும் சளி இல்லை

வாசலில் உட்கார்ந்த பிறகுதான் கண்டுபிடித்தேன், திருச்சியில் யாருக்கும் சளி பிடிப்பதே இல்லை. ஒருவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொருவருக்கு ரோட்டுத் தூசி. தெரிந்தவர்களிடம் கிருமி இருக்காது என்று எல்லோருமே நம்புகிறார்கள். நான் அதிசயப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன், கதவைத் திறக்க மாட்டேன்.

என்னோடு வேலை பார்த்த சேவியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, "வெறும் அலர்ஜிப்பா" என்றான். நான் ஒரு பார்வை பார்த்தேன். டிக்கெட் இல்லாதவர்களை ரயிலில் நாங்கள் சேர்ந்து பார்த்த பார்வைதான். சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் ரோட்டில் நின்றான். மரகதமும் நானும் பால்கனிக்கு வந்தோம். அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைத் தெருவே கேட்டது. கிளம்பும்போது என்னை நிமிர்ந்து பார்த்துக் கத்தினான்: "இத்தனை வருஷம் எத்தனை பேரை இறக்கி விட்டிருப்போம், இன்னைக்குத்தாண்டா அவங்க மனசு புரியுது!"

என் தும்மல்

கடைசி கீமோவுக்கு ஒரு வாரம் இருந்தது. மத்தியானம் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்து, கையைக் கழுவி, மரகதத்தின் அறைக்குள் காலெடுத்து வைக்கும்போது தும்மினேன். அடுத்தடுத்து இன்னும் இரண்டு. "வெறும் தூசிதான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் எழுந்து வந்து, என் முகத்துக்கு நேராக அறைக் கதவைச் சாத்தினாள்.

வாசல் நாற்காலி அவள் கதவுக்கு வெளியே வந்தது. முகக்கவசத்தோடு ஹாலில் படுத்தேன். மாமி சமைத்துச் சூடாகக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார். எனக்கு உண்மையாகவே மூக்கு ஒழுக ஆரம்பித்தபோது பயந்துவிட்டேன். இத்தனை பேரைத் தடுத்துவிட்டு நானே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனோ என்று சாப்பாடு இறங்கவில்லை. கதவில் காதை வைத்து, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டபடியே இருப்பேன். உள்ளிருந்து தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்வாள். ஒருநாள் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் என்றதும் ஆட்டோவுக்கே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது இறங்கியிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். அவளுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. "ஏங்க, அழுதா மூக்கு இன்னும் ஒழுகும். தள்ளி உட்காருங்க."

அந்த வாரக் கடைசியில் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, கடைசி மருந்தும் குறித்த நாளில் ஏறியது. என் சர்வீஸில் எத்தனையோ பேரை இறக்கி விட்டிருக்கிறேன், தன்னை இறக்கி விட்டவரைக் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே ஆள் நான்தான்.