மூடிய கதவுக்கு நான் சொன்ன தமிழ்

பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் ஒரு பெண்ணை நான் பொய்க்காரி ஆக்கினேன். பொய்யைச் சொன்னவன் நான். அது வெளியே வந்தபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கையை விரித்தவனும் நான்தான். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பாகத்துக்காக இதைச் செய்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

மனைவி இறந்த பிறகு, கொழும்பில் வேலை செய்யும் மகன் பெரிய டிவி ஒன்றைக் கொண்டுவந்து நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் என் வீட்டுச் சுவரில் மாட்டினான். அப்பா செய்தி பார்ப்பார் என்று நினைத்திருப்பான். நான் விண்கலம் பார்த்தேன். ஒரு தொடரில் கடலுக்கடியில் ஒரு நகரம். அங்கே பிறந்த யாருக்கும் மழை என்றால் என்னவென்று தெரியாது. என் ஜன்னலுக்கு வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, திரையில் ஒரு பிள்ளை முதன்முதலாக மழையில் நனைந்து அலறியது. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்து, மழையில் கையை நீட்டினேன்.

இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன். மருந்துக்கடையில் சொன்னேன். "ரெண்டு பாகம் மட்டும் பொறுத்துக்குங்க. மூணாவதுல பாருங்க!" என்பேன். அநேகம் பேர் என்னைக் கண்டாலே பாதை மாறினார்கள். இரண்டு பேர் தங்கினார்கள். ஒருவர் என் மனைவியின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெட்டுக்குத்து இருந்தால்தான் அவருக்குத் தொடர். மற்றவர்தான் நான் சொல்ல வந்த அந்தம்மா. மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். ஒரே மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

ஞாயிறு பகல் சோறு முடிந்ததும் இருவரும் வந்துவிடுவார்கள். திரையில் பேச்செல்லாம் ஆங்கிலம். நான் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி தமிழில் சொல்வேன். வகுப்பறையில்கூட நான் இவ்வளவு உற்சாகமாக நின்றதில்லை. அரக்கனுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல்.

"மச்சான், ராணிக்கு சளி புடிச்சிருச்சா?" என்பார் மைத்துனர்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. சார், அவ என்னா சொல்றா, சொல்லுங்க!" என்பார் அந்தம்மா.

அந்தம்மாவுக்கு அவசரம் இருந்தது. ஞாயிறு கேட்ட கதையைத் திங்கட்கிழமை மலையில் சொல்லியாக வேண்டும். கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. இரண்டு பக்கமும் குரல் எட்டட்டும் என்று பெண்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, நடு நிரையை எப்போதும் அவருக்கே விட்டிருந்தார்கள். கை கொழுந்தில் ஓட, வாய் கதையில் ஓடும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதட்ட வந்து, அப்படியே நின்று கேட்டதும் உண்டு. அந்த நடு நிரைதான் அவருக்கிருந்த மரியாதை.

அப்போதுதான் அந்தப் பனிக்கிரகத் தொடரைத் தொடங்கினோம். சூரியன் சுருங்கிக்கொண்டே வரும் ஒரு கிரகம். தப்பிப்போக ஒரே ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் வேறு உலகம். தாயும் மகளும் வழியில் பிரிந்து, ஒருவரையொருவர் தேடுகிறார்கள். இன்றைக்கும் நான் யாருக்கும் முதலில் சொல்லும் தொடர் அதுதான்.

முதல் ஞாயிறே அந்தம்மா கேட்டார்: "சார், ஆத்தாளும் மகளும் கடைசில ஒண்ணு சேருவாங்களா? இல்லாட்டி இப்பவே சொல்லிருங்க. நான் பாக்கல."

"சேருவாங்க. நான் பொறுப்பு" என்றேன்.

கடைசிப் பாகங்களை நான் அப்போது பார்த்திருக்கவில்லை. அவர் எழுந்து போய்விடக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே எண்ணம்.

கடைசி ஞாயிறு வந்தது. மகள் கதவைத் தாண்டிவிட்டாள். யாராவது ஒருவர் இந்தப் பக்கம் நின்று மூடினால்தான் கதவு மூடும். தாய் நின்றாள். "என்னைத் தேடாதே. திரும்பிப் பார்க்காமல் போ" என்று சொல்லிவிட்டு மூடினாள். பனி பெய்தது. அவ்வளவுதான்.

அந்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேற வழி கண்டுபுடிச்சு வந்துருவேன், நீ அங்கேயே இரு, அப்படீங்கறா" என்று சொன்னேன்.

அந்தம்மா கையைத் தட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல, வருவான்னு!" என்றார். மறுநாள் மலை முழுக்க அந்தத் தாய் வந்து சேர்ந்துவிட்டாள்.

சில மாதம் கழித்து அதே தொடருக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு இளம்பெண் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டாள். "அந்தம்மா சொன்னதெல்லாம் புளுகு. ஆத்தா வரவே இல்ல" என்று நிரையில் சத்தம் போட்டிருக்கிறாள். அன்று பின்னேரமே அந்தம்மா அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"இந்தா, சாரையே கேளு. சார், அவ வாறேன்னு சொன்னாளா இல்லயா?"

அந்தப் பெண் என் பழைய மாணவி. என் இங்கிலீஷை ஊரே மெச்சுகிறது என்ற நினைப்பில் வாழ்ந்தவன் நான். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நீங்கதான் மாத்தி விளங்கிக்கிட்டீங்க போல" என்றேன்.

அந்தம்மா அவள் கையை விட்டார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு நானும் மைத்துனரும் மட்டும். டிராகன் தொடர் ஒன்று புதிதாக வந்திருந்தது. டிராகன் மலையைப் பிளந்துகொண்டு எழும்புகிறது, நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரியை ஒப்பிக்கிறேன்.

"அந்தம்மா இப்ப ஓர நிரைல நிக்குதாம். வாயே தொறக்கறதில்லயாம்" என்றார் மைத்துனர். பிறகு டிவியைப் பார்த்தபடியே, "அன்னைக்கு நானும் இங்கதானே இருந்தேன் மச்சான். என் காது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனேன். மலைக்குப் போகுமுன் ஆட்கள் எல்லாரும் பெயர் கொடுக்கக் கூடும் இடம் அது. கங்காணியிடம் இரண்டு நிமிடம் கேட்டேன்.

"என்னா சார், எலக்சனா?" என்றார் அவர்.

கூடைகளோடு நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னேன். "அந்தப் பனிக்கிரகக் கதைல ஆத்தா வர்றதில்ல. வர்றான்னு தமிழ்ல மாத்திச் சொன்னது நான். இந்தம்மா நான் சொன்னதைத்தான் சொன்னாங்க. அன்னைக்கு வாசல்ல வச்சு நான் சொன்னதும் பொய்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அப்ப நம்ம புள்ளைக படிச்ச இங்கிலீசும் இந்த லட்சணந்தானா?" என்று ஒரு குரல். களமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அந்தம்மா சிரிக்கவில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அந்த ஞாயிறு வந்தார். தனியாக அல்ல; அந்த இளம்பெண்ணும் கூட. அவளை டிவிக்குப் பக்கத்தில், என் எதிரே உட்கார வைத்தார்.

"சார் சொல்றது சரியான்னு இவ பாத்துக்குவா. மொதல்ல அந்தக் கதவு கதையைப் போடுங்க. கடைசிப் பாகம்."

போட்டேன். ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். என்னைத் தேடாதே. திரும்பிப் பார்க்காமல் போ. அந்தம்மா அழவில்லை. பனி நின்றதும் என் பக்கம் திரும்பினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னா சார்? நான் தாங்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

ரிமோட்டைத் தேடுவது போல் குனிந்தேன்.

"சரி, அந்த டிராகனைப் போடுங்க" என்றார்.

டிராகன் மலையைப் பிளந்தது. மைத்துனர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். ராணியின் குரலை நான் எடுத்ததும், "சார், அவ அவ்வளவு கத்தல" என்று திருத்தினாள் இளம்பெண். அந்தம்மா அன்றுதான் சிரித்தார்.

ஆனாலும் ஓர நிரையில்தான் நின்றார். பல வாரம் அப்படியே போயிற்று. ஒரு திங்கட்கிழமை மருந்துக்கு ஹட்டன் போகப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே மலையிலிருந்து ஒரு குரல், ஏறி இறங்கி, ராணியாகவும் டிராகனாகவும் வந்தது. நின்று பார்த்தேன். நடு நிரை.

பக்கத்து நிரைகளில் ஒருத்தி என்னைக் கண்டுவிட்டாள். "சார் வந்துட்டாரு! சார், அந்த டிராகன் முட்டை என்னா ஆச்சு?"

முட்டை பொரிந்த பாகத்தை முந்திய நாள்தான் பார்த்திருந்தோம். சொல்ல வாய் துறுதுறுத்தது.

"சார்!" என்று அந்தம்மா மேலிருந்து கத்தினார். "ஒங்க வாயைத் தொறக்காதீங்க. நான் இன்னும் அந்த எடத்துக்கு வரல!"

வாயை மூடிக்கொண்டேன். பஸ் வந்து போயிற்று. முட்டை பொரியும் வரை அங்கேயே நின்று கேட்டேன்.