அரவு விட்ட ஆறு

என் எழுத்து கோணலாக இருக்கும். ஒரு வரி ஏறும், அடுத்தது இறங்கும். இதை அச்சுக்குத் தட்டெழுதுபவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது கடந்த பிறகு எழுத்துப் படித்த கை இது.

சுகிர்தா போன செய்தி கைபேசியில் வந்தது. பிரெஞ்சு பேசும் இந்த ஊரில், சென்ட் லோரன்ட் தெருவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முன்பென்றால் பக்கத்தில் நிற்கும் தமிழர் யாரிடமாவது நீட்டியிருப்பேன். அன்று நானே எழுத்துக் கூட்டினேன். 'காலமானார்' என்று வந்தது. பிழையாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் முதலிலிருந்து கூட்டினேன். பிழை இல்லை. எவரும் வாசித்துச் சொல்லாமல் நான் அறிந்த முதல் செய்தி அது. கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் எனக்கு எழுத்துக் காட்டியவரே அவர்தான்.

உங்களில் பலர் அவரை ஆற்றுக்காரி என்றே அறிவீர்கள். இந்த நாட்டில் வடக்கே மலைப்பக்கத்து ஆறுகளில் இன்னும் அணை விழாதவற்றை அப்படியே விட்டுவைக்க ஒரு சட்டம் வேண்டும் என்று, மருந்துத் தொழிற்சாலை வேலை முடித்துக் கையொப்பம் கேட்டு அலைந்தவர். நான் மட்டக்களப்பான். அவரைச் சீண்டுவேன்.

"யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை. உனக்கேன் புள்ள இந்த ஆத்துச் சோலி?"

"இல்லாத ஊரில பிறந்ததாலதான் ஐயா. உங்களுக்கு அருமை தெரியாது."

கோயில் மண்டபத்தில் 'காட்டாறுகளைக் காக்கும் சட்டம்' என்று எழுதி ஒட்டினார். பிரெஞ்சிலும் 'காட்டு ஆறு' என்றுதான் இருக்கிறதாம். ஒருவரும் கையொப்பம் வைக்கவில்லை. "காட்டாறு வந்தா வயலையும் மாட்டையும் கொண்டுபோகும். அதிட்ட இருந்து எங்களைக் காப்பாத்தத்தான் சட்டம் வேணும்" என்று நானே சொன்னேன். சனம் சிரித்தது. அவர் வேறு சொல் தேடி வதங்கினார்.

அடுத்த வகுப்பில் அந்தச் சொல்லையே எங்களை எழுதச் சொன்னார். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் துணைக்காலை, நாங்கள் அரவு என்பதை, போட மறந்துவிட்டேன். எட்டிப் பார்த்தவர் அந்தச் சொல்லில் விரலை வைத்தார்.

"ஐயா, இதென்ன, கட்டாறு?"

"அரவு விட்டுப்போச்சு புள்ள. போடுறன்."

"கை வைக்காதேங்கோ. வாடாமலர் எண்டால் வாடாத மலர். கட்டாறு எண்டால் அணை கட்டாத ஆறு. இலக்கணக்காரர் ஏசுவினம், ஏசட்டும். நான் தேடின சொல்லை நீங்கள் பிழையா எழுதிக் கண்டுபிடிச்சிட்டியள்."

புதிய தாளில் அந்தச் சொல் ஏறியது. கையொப்பங்களும் சேர்ந்தன. என்னுடையதும் உண்டு, பெருவிரல் மை இல்லாமல்.

ஆனால் சட்டம் வரவில்லை. வாக்கெடுப்புக்கு முன் சட்டசபை கலைந்தது. சட்டமூலமும் அதோடு போனது. "பேந்து திரும்பக் கொண்டுவருவினம், நாங்களும் திரும்ப எழுதுவம்" என்றார், களைத்த குரலில். இப்போது திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். எழுத அவர் இல்லை. பனி கரைந்ததும் எல்லோரையும் அந்த ஆறுகளில் ஒன்றுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் நடக்கவில்லை. நான் கையொப்பமிட்ட ஆற்றை இன்னும் கண்ணால் காணவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு சொல், அரவு இல்லாமல். அதை வைத்து இந்தக் கிழமை எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழில்தான். இவ்வளவு காலமும் அவர்களுடைய பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுகிர்தா தமிழ் தேடினார். கட்டாறு என்பதற்குப் பிரெஞ்சை இனி அவர்கள் தேடட்டும். பதில் வராவிட்டால் அடுத்த கிழமையும் எழுதுவேன். வரி இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும்.