சுவரிலை தலைவிரிச்சு நிக்கிறவள்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளையளை வளர்த்தனான். நாலு பேருக்கு இண்டைக்கும் கடல்தொழில்தான். சாவகச்சேரி ஆஸ்பத்திரியிலை மருந்து எடுத்துக்கொண்டு, வீட்டை திரும்ப பஸ்ஸுக்கு நிக்கிறன். பஸ் நிலையச் சுவரிலை ஒருவர் பெரிய படம் கீறுறார். கடலிலை ஒரு வள்ளம் போகுது. கரையிலை எங்கடை பெண் ஒருத்தி, இடுப்பிலை மீன் கடகத்தோடை, தலைவிரிச்சு நிக்கிறாள். எனக்குப் பத்தி எரியுது.

"ஏன் தம்பி அவளின்ரை தலையை விரிச்சு விட்டனீர்?"

"அது என்ரை பாணி அம்மா. கூந்தலிலை காத்தும் சோகமும் தெரியவேணும். கடலை நினைச்சாத்தான் எனக்குப் படமே வரும்."

"நீர் எவடம்?"

"உடுவில்."

"உடுவிலிலை எங்கையப்பு கடல்? வள்ளம் கரைக்கு வருமட்டும் நாங்கள் தலை அவிழ்க்கமாட்டம். செத்த வீட்டிலைதான் அவிழ்ப்பம். உயிரோடை போறவனைச் சாக்காட்டிப்போட்டு, அதுக்குப் பேர் பாணியோ? கரைக்கு வந்து ஒருத்தியிட்டையாவது கேட்டனீரோ?"

அவர் தூரிகையைக் கழுவுறார், துடைக்கிறார். பிறகு, "கொண்டை எப்பிடி அம்மா முடியிறனீங்கள்?" எண்டு மெதுவாக் கேக்கிறார்.

என்ரை கொண்டை தெரிய நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிக்கிறன். என்ரை பஸ் வந்து ஹோன் அடிக்குது. அடிக்கட்டும். அவளுக்குக் கொண்டை முடிஞ்சு தீருமட்டும் நான் அசையமாட்டன்.

பேத்தி, நான் எழுதின இதை ஒருக்கா உரத்து வாசி. எங்கையாவது என்ரை கோபம் குறைஞ்சிருந்தால் சொல்லு, திருப்பி எழுதிறன்.