நோன்பு மாதத்துப் பாட்டில்கள்

போன ஞாயிறு சபையில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன்.

1985-ல் எனக்கு வயது முப்பத்தொன்று. மூத்திரப்பையில், சிறுநீரகத்தில் கல் ஏன் உண்டாகிறது என்று வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தேன். இளம் ஆய்வாளர்களுக்கு டெல்லியிலிருந்து ஒரு குழு கொடுக்கும் உதவித்தொகைதான் ஆதாரம். நவம்பரில் குழு கூடும். வேலை பிடித்தால் தொகையை நீட்டிப்பார்கள். இல்லையென்றால் நெமிலியில் மைத்துனர் வைத்திருந்த கிளினிக்குக்குப் போய் ஊசி போட வேண்டியதுதான். ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்பவர்களிடம் சிறுநீர் சேகரித்தேன். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஜூன் மாதம், நோன்புக் காலம். ஷிப்ட் சீக்கிரம் முடியும், ஆட்கள் நின்று பேசுவார்கள் என்றுதான் அந்த மாதத்தைப் பிடித்தேன். சூப்பர்வைசர் கரீம் பாய் கிண்டல் செய்வார்: "இன்னா டாக்டரே, ஊர்ல எல்லாரும் எங்ககிட்ட தோல் வாங்க வர்றாங்க. நீங்க மட்டும் இத வாங்க வர்றீங்க."

ஆகஸ்டில் அதே ஆட்களிடம் மறுபடி எடுத்தேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. ஜூனில் எடுத்த சிறுநீரில் உப்பு மிக ஜாஸ்தி. ஆகஸ்டில் கம்மி. அதே ஆள், அதே வேலை. பாட்டில்கள் மாறிவிட்டனவா? உப்பை அளக்கும் மெஷின் சரியில்லையா? ஒவ்வொரு முறையும் என்னுடைய சிறுநீரையும் சேர்த்துச் சோதிப்பது என் வழக்கம். அது இரண்டு மாதமும் ஒரே மாதிரி இருந்தது. அப்படியென்றால் மெஷின் சரி. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பேராசிரியர் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு டெல்லிக்குப் போகாதே என்றார்.

அக்டோபரில் நானும் மனைவி மெர்சியும் மூன்று நாள் உபவாசம் இருந்தோம். பகலில் தண்ணீர்கூடக் கிடையாது. ஜூன் எண்களும் ஆகஸ்ட் எண்களும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் என் ஜெபம். எனக்கு ஒன்றும் புரியவில்லை ஆண்டவரே, வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை என்றேன்.

இரண்டாம் நாள் மாலை மெஷினை இன்னொரு தடவை பார்ப்போம் என்று என் சிறுநீரை வைத்தேன். உப்பு ஜூன் ஆட்களைப் போல ஏறியிருந்தது. மெஷினும் போய்விட்டது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்பவருடையதை வைத்தேன். சாதாரணமாக இருந்தது. மெஷின் சரிதான், என்னுடையது மட்டும் ஏன் ஏறியது? வீட்டுக்குப் போய் மெர்சியிடம் புலம்பினேன்.

"ஏங்க, ரெண்டு நாளா பகல்ல தண்ணியே குடிக்கலையே நீங்க" என்றாள்.

அழுதேன். சிரித்தேன். எது முதலில் என்று நினைவில்லை. நோன்பு மாதத்தை நானே தேர்ந்தெடுத்துவிட்டு, ஷிப்ட் நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். வெயிலில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரம், நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நின்ற உடம்பைப் பார்க்கவில்லை.

நவம்பரில் குழுவிடம் எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னேன். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் காகிதங்களை மூடிவைத்தார்கள். போச்சு என்றுதான் ரயில் ஏறினேன். ஜனவரியில் பதில் வந்தது. உதவித்தொகை உண்டு, ஆனால் நான் கேட்ட ஆராய்ச்சிக்கு இல்லை. வெக்கையில் உழைப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஆராய, மூன்று வருடத்துக்கு.

இந்தச் செய்தியைக் கரீம் பாயிடம் சொன்னபோது அவர் சொன்னார்: "நாங்க ஒரு மாசம் நோன்பு இருந்தோம், உங்களுக்குத் தெரியல. நீங்க ரெண்டு நாள் இருந்தீங்க, தெரிஞ்சிடுச்சு. அதுவும் அல்லா வேலைதான் போங்க."

எனக்கு இன்றும் தெளிவில்லை. விடை தந்தது ஜெபமா, தாகமா? அந்த எண்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போயிருந்தால் அவர்களுடைய தாகத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். நான் கேட்டதைத் தராத ஆண்டவருக்கு அதனால்தான் தினமும் நன்றி சொல்கிறேன். உங்களுக்கும் ஒன்றும் புரியாத நாள் வரும். அன்றைக்குப் புரியவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். அதைக்கூட அவர் கேட்டார்.