கன்னத்தில் போட்டுக்கொண்ட பேய்

பேய் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நேரில் பார்த்தவள் நான். டெல்லியில் துக்ளக்காபாத் போகிற வழியில் ஒரு இடிந்த மண்டபம். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மத்தியானம். காமிராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடி மாட்டி நல்ல வெயிலை இரவாக்கிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி ஓடுகிறாள், பின்னால் பேய் வருகிறது. ஆறடி உயரம், கறுப்புக் கம்பளி, ரப்பர் முகம், விரலுக்கு விரல் தகரத்தில் வெட்டிய நகம். வேப்பமரத்தடியில் செந்தூரம் பூசிய ஒரு கல்லைத் தாண்டும்போது அந்தப் பேய் சட்டென்று நின்றது. கல்லைப் பார்த்தது. வலது கன்னம், இடது கன்னம், மறுபடி வலது கன்னம் என்று நகத்தோடு போட்டுக்கொண்டது. விரல் நுனியை உதட்டில் ஒற்றிக்கொண்டது. அதற்கப்புறம்தான் கதாநாயகியைத் துரத்தப் போயிற்று. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பேய் என் சித்தப்பா.

கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் சித்தப்பா வீட்டில் தங்கித்தான் நான் காலேஜில் படித்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மந்திரி அலுவலகத்தில் கிளார்க்காக உட்கார்ந்தவர். சாமி என்று எது கண்ணில் பட்டாலும் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். மந்திர் மார்க் வழியாக பஸ்ஸில் போகும்போது அவர் பக்கத்தில் நிற்க எனக்கு பயம். கோயில் வந்ததும் கம்பியை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், டிரைவர் பிரேக் போடுவான், சித்தப்பா யாராவது ஒரு சர்தார்ஜியின் மடியில் போய் விழுவார். "மாஃப் கரோ பையா" என்று மன்னிப்புக் கேட்டு எழுந்து மீதிக் கன்னத்தையும் முடித்துக்கொள்வார். பாதியில் விட்டால் அவருக்கு ஆகாது.

அவரைப் பேயாக்கியது எங்கள் குவார்ட்டர்ஸ் ஐயப்ப பூஜை. பந்தலுக்குத் துணி பேச நாங்கள் போன டென்ட் கடையின் முதலாளி ஒரு பஞ்சாபி. கல்யாணங்களுக்கு ஷாமியானா கட்டிச் சேர்த்ததையெல்லாம் சினிமாவில் விட்டுக்கொண்டிருந்தவர். நாங்கள் டைரக்டர் சாப் என்போம். உயரத்தில் மாட்டியிருந்த கயிற்றைச் சித்தப்பா ஸ்டூல் இல்லாமல் எட்டி எடுத்ததைப் பார்த்தார் அந்த மனுஷர். "பையா, என் படத்தில் பூதமாக வருகிறீர்களா?" என்று கேட்டார். சித்தப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அச்சா" என்றார். ஆபீஸில் யாரும் நிமிர்ந்து பார்க்காத மனுஷர் அவர். அந்த ஒரு கேள்விக்காகவே டெல்லிக்கு வந்தவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷூட்டிங். வேடிக்கை பார்க்கப் போன என்னை டைரக்டர் சாப் சும்மா விடவில்லை. கதாநாயகிக்கு அலறவே வரவில்லை, பூனை மாதிரி முனகினாள். "மதராசிப் பெண்ணே, நீ கத்து" என்றார். கத்தினேன். ஊரில் வயற்காட்டில் ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, சும்மாவா? மண்டபத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டது. அந்தப் படத்தில் வருகிற அத்தனை அலறலும் என்னுடையதுதான். நடிகர்கள், வேலைக்காரர்கள் என்று அங்கே தனித்தனியாக யாரும் கிடையாது. பேய் தன் நகத்தைக் கழற்றி வைத்துவிட்டு விளக்குத் தூக்கும், டைரக்டர் பூரி பரிமாறுவார்.

ஃபிலிமோ, பம்பாயில் மற்ற படங்களுக்கு வாங்கி மிஞ்சிய துண்டுகள். எதையும் இரண்டாம் தடவை எடுக்க வழியில்லை. அதனால் சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டதும் அப்படியே படத்தில் நின்றுவிட்டது. "பூதம் ஏனய்யா இப்படிச் செய்தது?" என்று டைரக்டர் சாப் தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா ரப்பர் முகத்தைக் கழற்றிவிட்டு அசடு வழிய நின்றார். "சாமியைப் பார்த்தேன், கை போயிட்டு" என்றார் என்னிடம். நான் அதை ஹிந்தியில் சொன்னபோது டைரக்டர் சாப் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பெயர் போடுகிற நேரத்தில்தான் வினை வந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர் அனுமதி இல்லாமல் சினிமாவில் தலை காட்டினால் ஆபீஸில் விளக்கம் கேட்பார்கள். அதையாவது சித்தப்பா சமாளித்திருப்பார். சித்தியைச் சமாளிக்க முடியவில்லை. "வீட்டுல வயசுக்கு வந்த பிள்ள நிக்குது. பேய் வேசம் போடுத வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? பேரு கீரு வந்துச்சோ, நான் கிராண்ட் ட்ரங்க் ரயில் ஏறி ஊருக்குப் போயிருவேன்" என்று ஒரே பிடி. சித்தி சொன்னால் சொன்னதுதான். கடைசியில் டைரக்டர் சாப் பூதம் என்ற இடத்தில் தன் மச்சினர் பெயரைப் போட்டுவிட்டார். டென்ட் கடை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, நிழலில் படுத்துத் தூங்கிவிட்டுப் போனதைத் தவிர அந்த மச்சினர் படத்துக்கு ஒன்றும் செய்ததில்லை.

படம் பஹாட்கஞ்ச் பக்கம் ஒரு தியேட்டரில் பகல் காட்சியாக ஓடியது. சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சித்தி வரவில்லை, சித்தப்பா இருந்தவரை அவள் அதைப் பார்க்கவே இல்லை. பெயர்கள் ஓடும்போது சித்தப்பா குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். பேய் வந்ததும் நிமிர்ந்தார். முன் வரிசையில் ரிக்ஷாக்காரர்கள் விசிலடித்தார்கள், ஒரு அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சித்தப்பா திரையைப் பார்க்கவே இல்லை, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ஏட்டி, நல்லா பயந்தாங்கல்லா?" என்று கேட்டார். பஸ் வருகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

எண்பதுகளில் தெருவுக்குத் தெரு வீடியோ கேசட் கடைகள் வந்தன. செத்துப்போன படம் உயிர் பெற்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. காலேஜ் பையன்கள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு சிரிப்பே பக்தியாக மாறியது. பேய் கன்னத்தில் அடித்துக்கொள்கிற காட்சிக்கு ஆளுக்கொரு வியாக்கியானம். தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறதாம், விரலில் ஒட்டிய ரத்தத்தை நக்குகிறதாம். மச்சினர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க ஆரம்பித்தார். அந்த அசைவைத் தானே யோசித்து, கண்ணாடி முன்னால் நின்று பழகினதாகச் சொன்னார். அட பாவி மனுஷா, தூங்கினது போதாதா! நான் பத்திரிகையைச் சித்தப்பா முன்னால் விரித்துக் குதித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "பேய் அவன்தான்னு சொல்லட்டும்ட்டி. நாந்தான விட்டுக்குடுத்தேன். ஆனா கன்னத்துல போட்டதைத் தன்னோடதுங்கானே, அதான் ஒரு மாதிரியா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை. சித்தப்பா மகளான என் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்தது, அவர் ஓய்வு பெற்றார், ஆபீஸ் பயமெல்லாம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் சித்தி எதிரில் அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. எனக்குத்தான் ஆறவே இல்லை.

இந்த வருஷம் மூன்று பேரும் போய்விட்டார்கள். கோடையில் டைரக்டர் சாப், மழைக்காலத்தில் மச்சினர், தீபாவளிக்கு முன்னால் சித்தப்பா. மச்சினருக்காக அந்தப் படத்தின் பக்தர்கள் இணையத்தில் எழுதிய அஞ்சலிகளைப் படித்துப் படித்து என் ரத்தம் கொதித்தது. சித்தப்பாவுக்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் கைகூப்பிய படங்கள் வந்தன, அவ்வளவுதான். டிசம்பரில் ஒரு போஸ்டர் வந்தது. இந்த ஆண்டு மறைந்த நம் கலைஞர்களுக்கு நினைவஞ்சலி, சிறப்புத் திரையிடல். டைரக்டர் சாப் படம் ஒரு பக்கம், நம் அன்புக்குரிய பூதம் என்று மச்சினர் படம் இன்னொரு பக்கம். அலறல் புகழ் ஆன்ட்டியாக என்னையும் அழைத்திருந்தார்கள். ஏற்பாடு செய்த பையனுக்குப் போன் போட்டு, பேயாக நடித்தது என் சித்தப்பா என்று சொன்னேன். நல்ல பையன், பொறுமையாகக் கேட்டான். "ஆன்ட்டி, டைட்டிலில் அவர் பெயர்தானே இருக்கிறது? உங்கள் குடும்பத்தில் வேறு யாராவது சொல்வார்களா?" என்றான்.

சொல்ல வேண்டியவள் சித்தி ஒருத்திதான். போய்க் கேட்டேன். அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. "உனக்குக் கூறு இருக்கா? இன்னும் வருசம் திரும்பல, தலைத்தெவசம் ஆகல. அவுக ஆத்மா எங்க நிக்கோ என்னமோ. அதுக்குள்ள அவுகளைப் பேய்னு மைக்ல சொல்லணுமா?" என்றாள். அறைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அப்போ அந்த மச்சினனே பேயா இருந்துட்டுப் போகட்டும்ங்கியா?" என்றேன். "இருந்துட்டுப் போறான். பேய்ப் பட்டம் நமக்கு எதுக்கு?" என்றாள். நான் கிளம்பும்போது, "நீ அங்க போயி வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்ட. நானும் வாரேன்" என்றாள். என் வாயை அடைக்கத்தான் வந்தாள், வேறெதற்கும் இல்லை.

மண்டி ஹவுஸ் பக்கம் ஒரு சின்ன அரங்கம், பகல் காட்சி. உள்ளே எல்லாம் பேரன் வயசுப் பிள்ளைகள். முதலில் திரையில் டைரக்டர் சாப் போட்டோ வந்தது, எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது, அந்த மனுஷர் பரிமாறின பூரி நினைவுக்கு வந்தது. அடுத்து மச்சினர் போட்டோ வந்தது. அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் வலது, இடது, வலது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அவருக்கு மரியாதை செய்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சித்தி என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதுக என்னத்துக்குக் கன்னத்துல போடுதுக? இங்க சாமி எங்க இருக்கு?" என்று காதோரம் கேட்டாள். "படத்தைப் பாரு" என்றேன்.

படம் ஓடியது. பிள்ளைகள் வசனத்தைக் கூடவே சொன்னார்கள், என் அலறலுக்கு என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். சித்தி முகத்தை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. பிறகு வேப்பமரம் வந்தது. பேய் நின்றது, கல்லைப் பார்த்தது. கை உயர்ந்தது. வலது, இடது, வலது, விரல் உதட்டுக்குப் போயிற்று. அரங்கமே கூச்சல். சித்தியின் பிடி என் கையிலிருந்து நழுவியது. "ஐயோ, அவுக" என்றாள்.

விளக்குகள் எரிந்ததும் ஏற்பாடு செய்த அந்தப் பையன் மைக்கைப் பிடித்து, ரத்தம் நக்குகிற அந்த அற்புதமான காட்சியை மறைந்த நம் நடிகர் எப்படி உருவாக்கினார் என்று மச்சினர் பேட்டியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் சித்தி எழுந்துவிட்டாள். ஐம்பது வருஷமாகக் காய்கறிக்காரர்களோடு சண்டை போட்டே கற்ற ஹிந்தியில், "வோ பூத் நஹி ஹை, பேட்டா" என்றாள். அது பேய் இல்லை, என் வீட்டுக்காரர். அவர் ரத்தம் நக்கவில்லை, அந்தக் கல்லில் இருக்கிற சாமியைக் கும்பிட்டார். பேய் எங்கேயாவது சாமி கும்பிடுமா? எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் கும்பிடுவோம். சொல்லிவிட்டு, அங்கேயே நின்று செய்து காட்டினாள்.

பையன் மைக்கோடு கீழே இறங்கி எங்கள் வரிசைக்கு வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அம்மாஜி, அவர் பெயர் என்ன?" என்று கேட்டான்.

சித்தி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என் தங்கச்சியைச் சொல்லச் சொல்வாள், ஆஸ்பத்திரியில் கேட்டால் என்னைப் பார்ப்பாள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஊர்ப் பெயர், அவர் அப்பா பெயர், பிறகு சித்தப்பாவின் பெயர், மூன்றையும் சேர்த்துச் சொன்னாள். மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றாள். சித்தி மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக.