நனையாத ஷூ

போன வருடப் பழனி பாதயாத்திரையில் என் ஓரகத்திக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. வீட்டில் எல்லாரும் அதையே பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த முறை அவளுடைய வலைத்துணி ஷூவைவிட விலை கூடிய, தண்ணீர் புகாத ஷூ வாங்கினேன். குன்னூர் மலையிறக்கத்துச் சாரலில் அவள் கால் மட்டும் நனைந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது.

மேட்டுப்பாளையம் தாண்டி வெயில் ஏறியதும் அவள் ஷூ காய்ந்துவிட்டது. என் ஷூவிலோ வேர்வை வெளியேற வழியில்லாமல் குதிகால் தோல் உரிந்தது.

"ஏனுங்க்கா, காத்துப் போனாத்தானுங்க கால் தாங்கும்" என்று தன் மாற்றுச் செருப்பைக் கொடுத்தாள். அதில்தான் பழனி சேர்ந்தேன். ஊர் திரும்பியதும் எல்லாரும் அவள் நல்ல மனசைப் புகழ்ந்தார்கள்.

இப்போது காற்றுப் போகும் ஷூதான் வாங்குகிறேன். மாற்றுச் செருப்பும் என் பையிலேயே இருக்கிறது. மறுபடி அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்க நான் தயாரில்லை.