ஆறேகாலுக்குத் திறக்கும் கதவு

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. காலையில் அதன் வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்று வாயைத் திறந்து காட்டுவார்கள். ஆசிரியை டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். நெற்றியில் காய்ச்சல் பார்ப்பார், கைகளைத் திருப்பிப் பார்ப்பார். கொப்புளம் ஏதும் இல்லையென்றால்தான் உள்ளே விடுவார். சிங்கப்பூரில் புக்கிட் மேராவுக்குக் குடிவந்த புதிதில், இந்தப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்தார்கள், இப்படிச் சோதனை போடுகிறார்களே என்று திகைத்து நின்றேன். நோய் பரவாமல் இருக்கத்தான் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

மதுரை செல்லூரில் நான் ஆறு வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவள். மூக்கு ஒழுக வரும் பிள்ளையை முந்தானையால் துடைத்து மடியில் போட்டுக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த பரிசோதனை. தொங்கு தராசில் பிள்ளையை உட்கார வைத்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்தும். சத்துமாவில் வெந்நீர் ஊற்றும்போது எழும் வாசனைக்கு அழுகை நின்றுவிடும். பக்கத்துச் சந்திலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டே இருக்கும், அதைக் கேட்டபடி இருபது பிள்ளைகளும் பாயில் தூங்குவார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்ல வரவில்லை. மழை பெய்தால் கூரை ஒழுகும், கழிப்பறைக்குக் கதவு கிடையாது. ஆனால் சாவி, உதவியாளர் ராஜாத்தி அக்காவிடம் இருந்தது. அவர் வீடு அடுத்த வாசல். ஹோட்டல் வேலைக்கு விடியும் முன்பே போகிற தாய்மார்கள் கதவைத் தட்டிப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இங்கே கதவு ஏழு மணிக்குத்தான் திறக்கும். ஒருநாள் இடியும் மழையுமாக இருந்த காலை ஆறரைக்கு, பால் வாங்க என் இரண்டரை வயது மகள் மீனாவைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். மூடிய கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. மழையில் நனைந்தது இல்லை. “அம்மா நகரக் கூடாதுன்னு சொன்னாங்க” என்றாள். அவள் பெயர் தாரணி. கதவு திறக்கும்வரை அவள் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆசிரியையிடம் அவளை ஒப்படைத்தேன்.

அன்று மாலை அவள் தாய் விமலாவை வழிமறித்துக் கோபமாகவே கேட்டேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சாங்கி விமான நிலையத்தில் ஓர் உணவகத்தில் வேலை. பிள்ளையைத் தனியாக வளர்க்கிறார்.

“நான் என்னக்கா பண்றது? ஏழரைக்கு ஷிஃப்ட் லா. ஆறேகாலுக்குக் கிளம்பலைன்னா லேட். லேட்டானா வேலை போயிடும். வேலை போனா சென்டர் பீஸ் எப்படிக் கட்டுறது? பஸ்ல உக்காந்ததும் அழுதுருவேன், உங்களுக்குத் தெரியுமா?”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. “நாளையிலேர்ந்து நான் உக்காந்துக்கிறேன்” என்றேன்.

உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் பெஞ்சில் நான்கு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். ஒரு மலாய்த் தந்தை, ஒரு சீனத் தாய் என்று எல்லோருக்கும் அதே சிக்கல். தேக்கா சந்தையில் கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வாங்கி, ஊர் நினைப்பில் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொண்டுபோனேன். “உருண்டை” என்றதும் மலாய்த் தந்தை முகம் மலர்ந்து, “ஓண்டே ஓண்டேவா!” என்று வாயில் போட்டார். அவர்கள் ஊர் இனிப்பாம் அது, கடித்தால் உள்ளே வெல்லப்பாகு வருமாம். வராத பாகுக்காகக் கடைசிவரை மென்று, மரியாதையாகத் தலையசைத்தார்.

குடியிருப்பாளர் கூட்டம் ஒன்று நடந்தபோது விமலாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நம் பிள்ளைகள் காலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள், கதவை முன்னதாகத் திறக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றேன். மடிக்கணினியில் கோரிக்கைகளைக் குறித்துக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்ந்து, “உங்கள் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகளா, மேடம்?” என்று கேட்டார். என் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றேன். “நீங்கள்தானே ‘our children’ என்றீர்கள்?” என்றார். தமிழில் ‘நம்’ என்றால் கேட்பவரும் அதில் சேர்ந்துவிடுவார். ஆங்கிலத்தில் அவர் வெளியே நின்றுகொண்டார். “உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன்” என்றேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, “அந்த பெஞ்ச் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். மறுநாள் காலை வந்து பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஆறேகாலுக்கே திறக்க நிலையம் ஒப்புக்கொண்டது. கட்டணம் கூடவில்லை. நான்கு மொழியில் அறிவிப்புத் தயாரானது. தமிழைச் சரிபார்க்க என்னை அழைத்தார்கள். ‘பெற்றோர் காலை 6.15 முதல் பிள்ளைகளைக் கைவிடலாம்’ என்றிருந்தது. சிரிக்கத்தான் முடிந்தது. ‘கொண்டுவந்து விடலாம்’ என்று திருத்திக் கொடுத்தேன்.

மீனாவுக்கு அந்தக் கதவு இல்லை. கட்டணத்துக்கான அரசு மானியம் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான். முழுக் கட்டணம் என்றால், துவாஸ் கப்பல் பட்டறையில் என் கணவர் வாங்கும் சம்பளத்தில் வாடகைக்கு மிஞ்சாது. வந்த இடத்தின் கணக்கு அது, புரிகிறது. ஆனாலும் செல்லூரில் தராசில் ஏறிய எந்தப் பிள்ளையையும், நீ எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. மீனா அங்கே பிறந்து வளர்ந்திருந்தால் இந்நேரம் ராஜாத்தி அக்காவின் இடுப்பில் இருப்பாள்.

அறிவிப்பு ஒட்டிய காலை, மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் படித்தபடி நின்றேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு தமிழ்ப் பெண் என்னருகில் நின்றாள்.

“அக்கா, உங்க பிள்ளையும் இந்த சென்டர்தானா?”

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து தாரணி கையசைத்தாள். மீனா குதித்துக் குதித்துக் கையசைத்தாள். என் வாய் ‘ஆமா’ என்றது. தலை இல்லையென்று ஆடியது. எதை எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன்.